150 மீட்டர் தள்ளி நின்று

தவக்காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை காலைகளில் ஜெபமாலையோடு தெருவில் நிற்கிறேன். கருக்கலைப்புக்கு எதிரான இந்த ஜெப இயக்கம் 2004-ல் அமெரிக்காவில் டெக்சாஸின் பிரையன் நகரில் ஒரு கருக்கலைப்பு கிளினிக்குக்கு வெளியே 40 நாள் ஜெபமாக ஆரம்பித்தது, இங்கிலாந்துக்கும் வந்து பல வருடமாகிறது. 2024 அக்டோபர் 31-லிருந்து இங்கே கிளினிக்கைச் சுற்றி 150 மீட்டருக்குள் கருக்கலைப்பு பற்றிய யார் முடிவிலும் தலையிடக் கூடாது என்பது சட்டம், சரி, நாங்கள் அதைத் தாண்டி பஸ் நிறுத்தத்துப் பக்கம் நிற்கிறோம். இன்று குளிரில் விரல் மரத்து ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளில் ஒன்று நழுவியது, நிமிர்ந்தால் அழுது வீங்கிய கண்ணோடு ஒரு பெண் கடந்து போகிறாள். எங்கிருந்து வந்தாள், தெரியாது. நான் எதுவும் கேட்கவில்லை. அவளுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன், பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. கருவின் படம் காட்டி மிரட்டுவது ஜெபமே இல்லை. எனக்கு அந்தப் பிள்ளையும் வேண்டும், தாயும் வேண்டும். நீங்களும் இன்றிரவு அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.