திருப்புன்கூரில் விலகிய நந்தி

வைத்தீஸ்வரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமியைக் கும்பிட்டுவிட்டு, நாடி ஜோதிடப் பலகைகளைத் தாண்டி, ஆட்டோ பிடித்துத் திருப்புன்கூர் போனோம். மேற்கே சில கிலோமீட்டர்தான். கூட்டமே இல்லை. புற்று வடிவில் இருக்கும் சிவலோகநாதரை நிதானமாகத் தரிசிக்க முடிந்தது.

நந்தி பெரியது. சுவாமிக்கு நேராக இல்லாமல், ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருக்கிறது. "நந்தனாருக்காக சாமியே நகரச் சொன்னாரு, பாத்தியா" என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் மெய் சிலிர்த்தது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வந்தது. சாதியால் உள்ளே விடப்படாத நந்தனார் வெளியிலிருந்தே பார்க்கத்தான் நந்தி நகர்ந்தது; நகர்ந்த பிறகும் அவர் வெளியில்தானே நின்றார்?

ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் என்கிறது பெரியபுராணம். திருப்புன்கூரில் குளம் வெட்டியதும் அவர்தான். கொடுத்த பொருள் உள்ளே போயிற்று, கொடுத்தவரை விடவில்லை. தில்லையிலோ தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே போனார். இதை நாம் பக்தியின் உச்சம் என்று சொல்லிச் சொல்லி, அதில் இருக்கும் கொடுமையைப் பேசாமலே விட்டுவிட்டோம். அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம், சரி. அவர் வழி வந்தவர்களுக்கு வாசல் திறக்க எத்தனை நூற்றாண்டு ஆயிற்று! 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், தலித் சமூகத்தவரான கக்கன் உள்ளிட்டவர்களை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனபோதுகூட எதிர்ப்பு கொஞ்சமா? சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது.

பிராகாரம் சுற்றும்போது இதையெல்லாம் சொன்னேன். "கோயில்ல வந்து ஏன்டா இதெல்லாம்?" என்றார் பெரியம்மா. வேறெங்கே பேசுவது? விடாதது நாம்தான் என்று சாமி முன்னால் ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் நந்தனார் சிலைக்குக் கும்பிடு எதற்கு?

அவர் பதில் சொல்லவில்லை. அப்புறம், குளத்துப் பக்கம் வந்ததும் அவராகவே ஆரம்பித்தார்: "நம்ம மாரியம்மன் தேர் இன்னும் காலனித் தெருவுக்குப் போறதில்லையே." அந்தத் தெரு ஆட்களிடமும் வரிப்பணம் வாங்குகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆடித் திருவிழாக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன் என்றேன்.

"கேளு. உங்க சித்தப்பாதான் முதல்ல சண்டைக்கு வருவாரு. நானும் வர்றேன்."