ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி: டர்பன் நாட்குறிப்பு

21 ஜூன் 2024, வெள்ளி

நேற்று வந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. ஆய்வு நடந்தது தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும். தலைமை தாங்கியவர் கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா-கெயில் பெக்கர். அதே ஆய்வில் ஊசிக்குப் பதிலாகத் தினசரித் தடுப்பு மாத்திரை வாங்கியவர்களில் சிலருக்குத் தொற்று வந்திருக்கிறது. பலர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை. எப்படி விழுங்குவார்கள்? டப்பாவை வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் போதும், "உனக்கு அந்த நோயா?" என்று ஆரம்பித்துவிடுவார்களே.

28 ஜூலை, ஞாயிறு

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மியூனிக் எய்ட்ஸ் மாநாட்டில் இந்த ஊசி ஆய்வின் முடிவைச் சொன்னபோது அரங்கமே எழுந்து கைதட்டியதைச் சொன்னேன். பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இப்படி ஊசி வந்தா ஆம்பளைங்களுக்குப் பொறுப்பே இருக்காது."

நர்ஸ் அக்கா கூழைக் குடித்துக்கொண்டே, "இப்ப மட்டும் இருக்கா, பெரியம்மா?" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

20 செப்டம்பர், வெள்ளி

எங்கள் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்துக்காரர்களான எச்.ஐ.வி. ஆய்வாளர்கள் சலீம் அப்துல் கரீம், குவாரைஷா அப்துல் கரீம் தம்பதிக்கு அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது. குவாரைஷா டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் இன்று எல்லோரும் அவருக்குச் சொந்தம்!

பத்திரிகைகள் விருதைப் பற்றியே எழுதுகின்றன. எனக்குப் பெரிதாகப் படுவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குவாரைஷா வெளியிட்ட எச்.ஐ.வி. கணக்கெடுப்பு. பதின்வயதுப் பெண்களிடம் தொற்று இருந்தது, அதே வயதுப் பையன்களிடம் அநேகமாக இல்லை. அப்படியானால் பெண்களுக்கு எங்கிருந்து வந்தது? வயதில் மூத்த ஆண்களிடமிருந்து. "ஆணுறை போடு" என்று அந்த ஆளிடம் ஒரு சின்னப் பெண்ணால் சொல்ல முடியுமா? அதனால்தான் பெண் தன் கையாலேயே, யாரையும் கேட்காமல் பயன்படுத்தக்கூடிய மருந்தைத் தேடினார்கள்.

2010இல் வந்தது பெண்ணுறுப்பில் தடவும் டெனோஃபோவிர் ஜெல்லின் ஆய்வு முடிவு. டர்பனிலும் கிராமப்பகுதியான வுலிண்ட்லேலாவிலும் 889 பெண்கள் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். தொற்று 39 சதவீதம் குறைந்தது. பின்னால் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை, ஜெல் மருந்துக்கடைக்கு வரவே இல்லை. தோல்வி என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைரஸை அடக்கும் மருந்தை முன்கூட்டியே பயன்படுத்தினால் பெண்ணுக்குப் பாலுறவு வழியாக வரும் தொற்றைக் குறைக்க முடியும் என்று முதலில் காட்டியது அந்த ஜெல்தான். அந்த 889 பேருக்கு யார் விருது கொடுப்பார்கள், தெரியவில்லை.

3 அக்டோபர், வியாழன்

லெனகாபவிரை மலிவாகத் தயாரிக்க ஆறு நிறுவனங்களுக்கு அந்த மருந்தின் உரிமையாளரான கிலியட் நிறுவனம் உரிமம் கொடுத்திருக்கிறது. மருந்து 120 நாடுகளுக்குப் போகலாம். பட்டியலில் எங்கள் தென்னாப்பிரிக்காவும் இருக்கிறது. அமெரிக்காவில் தொற்று வந்தவர்களின் சிகிச்சைக்காக விற்கும் இதே மருந்துக்கு வருடத்துக்கு 42,000 டாலருக்கு மேல். வருடத்துக்கு நாற்பது டாலருக்கே செய்யலாம் என்று ஜூலையில் ஒரு கணக்கு வந்தது. எது நடக்கும் என்று அக்காவிடம் கேட்டேன். "கிளினிக் ஃபிரிட்ஜைத் திறந்தா தெரிஞ்சுடும்" என்றாள். அப்புறம், இந்த ஊசிக்கு ஃபிரிட்ஜே வேண்டாம் என்று அவளே திருத்தினாள். சரி, அலமாரி.