இன்னைக்குப் போகண்டாம்

அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் காலையில் நாலு மணிக்கு எழுந்து முற்றத்தில் நின்று, முகத்தை மேற்கே திருப்பிக் காற்றைப் பார்ப்பார். முட்டத்தை அடுத்த கடற்கரை ஊர் எங்களுடையது. ஐம்பது வருசம் கடலுக்குப் போன மனுசன். நானும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுகிறேன். கனடாவில் ஒரு பனிமலையில் 11 பனிக்காலம் பழகிய உடம்பு, ஊருக்கு வந்தும் மாறவில்லை.

போன வருசம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர் கேட்டார். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. எஞ்சின்களைப் பிரித்துப் பார்க்கிற காலம் அது, எனக்கு நிறைய வேலை. கை நிறைய கிரீசோடு வந்து உட்கார்ந்தவனிடம், "அங்க ஒனக்கு என்ன சோலி மக்ளே? ஒரு நாளாவது வெளங்குத மாதிரி சொல்லு" என்றார். அதுவரை "மெக்கானிக்" என்று ஒரே சொல்லில் முடித்துவந்தேன். அன்று சொல்ல ஆரம்பித்தது ஒரு வாரம் ஓடியது. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம், கூட்டெனி மலைப்பகுதி. ரோப்காரோ விளக்குக் கம்பமோ இல்லாத காட்டு மலை. ஸ்னோகேட் என்ற வண்டியில் 12 பேரை ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோவோம். அவர்கள் ஸ்கீயிலோ ஸ்னோபோர்டிலோ, யார் தடமும் விழாத பனியில் சறுக்கி இறங்குவார்கள். வண்டி கீழே போய்க் காத்து நிற்கும். மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். நல்ல நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை. டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். இந்தத் தொழிலே அந்த மலைகளில்தான் பிறந்தது. 1975-இல் மெடோ கிரீக் என்ற சிற்றூரில் செல்கர்க் வைல்டர்னஸ் ஸ்கீயிங் என்ற நிறுவனம்தான் முதலில் ஆரம்பித்தது. நான் இருந்தது வேறொரு சின்ன இடம். கத்தாரில் கனரக வண்டி மெக்கானிக்காக இருந்து அங்கே போனேன். முதலில் பழுது பார்க்கிறவன், பிறகு ஓட்டுநர், கடைசி நாலு பனிக்காலம் அந்த இடத்தையே நடத்துகிற பொறுப்பு.

அப்பா முதலில் பிடித்துக்கொண்டது வண்டியைத்தான். பத்து டன் கனம், முந்நூறுக்கு மேல் குதிரைத்திறன், ரப்பர் பட்டையில் குறுக்கே இரும்புச் சட்டம் பதித்த அகலமான சங்கிலி. அந்த அகலத்தால், மனுசன் கால் பனியை அழுத்துகிற அளவுகூட அது அழுத்தாது. நாம் இறங்கி நின்றால் இடுப்பு வரை புதைவோம், வண்டி மேலே நிற்கும். "வள்ளம் மாதிரி" என்றார் அப்பா. சரிதான், அது மிதக்கிற வண்டிதான்.

அந்த மாதிரி வண்டி எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். கியூபெக்கில் வால்கோர்ட் என்ற ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்று ஒரு மெக்கானிக். 1934-ஆம் வருசக் குளிர்காலத்தில் அவருடைய 2 வயது மகனுக்குக் குடல்வால் வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. வழியெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துபோனது. பனியில் ஓடுகிற வண்டி செய்ய ஏற்கெனவே முயன்றுவந்த மனிதர், அதற்குப் பிறகு அதையே கதியென்று பிடித்து, 1937-இல் தன் சங்கிலிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரோடு வராத காலத்தில் எங்கள் ஊரிலும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

எங்கள் வேலையில் விருந்தினர் காண்பது வெள்ளை மலையும் பறக்கிற பனித்தூளும். காணாதது பாதை. மலை விளிம்பில் வண்டி போக ஒரு பனிப்பாதையை நாமே போட வேண்டும், பனி விழுந்த ஒவ்வொரு நாளும் புதிதாக. காலை மூன்றரைக்கு எஞ்சினைச் சூடேற்றுகிற மின்வயரைக் கழற்றி, எண்ணெய் பார்த்து, விளக்கைப் போட்டுக்கொண்டு ஒற்றையாளாகக் கிளம்புவேன். கண்ணாடிக்கு முன்னால் பனி செங்குத்தாக விழாது, நம்மைப் பார்த்துக் கிடைமட்டமாகப் பாய்ந்து வரும். முன்பலகையால் தள்ளி, பின்னால் சுழல்கிற உருளையால் கலைத்து, சமப்படுத்திக்கொண்டே ஏற வேண்டும்.

பாதை போடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கலைத்த பனி உடனே தாங்காது. படிகங்கள் உடைந்து ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும். சும்மா விட்டால் சில மணி நேரத்தில் தொடுகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு, தளம் போட்ட சிமென்ட் மாதிரி இறுகும். அதனால் பாதையின் வெளி ஓரத்தை முதல் நாள் சாயங்காலமே தள்ளிப் போட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும்.

மூன்றாவது பனிக்காலத்தில் ஒரு நாள் நான் அதைச் செய்யவில்லை. முந்தின நாள் 14 மணி நேரம் வண்டியில் இருந்திருந்தேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ராத்திரி 40 சென்டிமீட்டர் விழுந்தது. விடியற்காலையில் அவசர அவசரமாக ஓரத்தைத் தள்ளி அகலப்படுத்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு 12 பேரோடு ஒரு வளைவில் திரும்புகிறேன். இடது சங்கிலி மெல்ல இறங்கியது. சத்தமே இல்லை. வண்டி சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, நின்றது. என் இடது ஜன்னலில் தெரிந்தது கீழே நிற்கிற மர உச்சிகள். யாருடைய காப்பி பிளாஸ்கோ பின்கூண்டின் தரையில் உருண்டு போய்ச் சுவரில் முட்டிய சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் இருந்த வழிகாட்டி என் கையைப் பிடித்து, லீவரிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். எஞ்சினை மட்டும் அணை, வேறெதையும் தொடாதே என்றார். மலைப்பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறக்கினோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இன்னொரு வண்டி வந்து இரும்புக் கயிற்றைப் பெரிய மரத்தில் கட்டி இழுத்து மீட்க ஆறு மணி நேரம் ஆனது.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். என் மேலாளர் ஒரு நோட்டைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி, மறுநாள் காலைக் கூட்டத்தில் நீயே வாசி என்றார். வாசித்தேன். "களைப்பாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது" என்ற வரி வந்தபோது குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவுமில்லை. ஒருவர் மட்டும், 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவரிடம் பாதை வேலை கொடுக்க வேண்டாம் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்று முதல் அது அங்கே விதி. இத்தனை வருசத்தில் நான் பார்த்த எல்லாப் பட்டறைகளிலும் இந்த ஒரு வழக்கம் வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். நம்மூரில் தப்பு செய்தவன் வாங்குகிற வசவில், அந்தத் தப்பு எப்படி நடந்தது என்பது யார் காதிலும் விழாமலே போய்விடுகிறது.

நடத்துகிற பொறுப்புக்கு வந்த பிறகு பாதையைவிடக் கடினமான ஒன்று என் தலையில் விழுந்தது. அதைச் சொல்ல மார்கழிப் பனியிலிருந்து தொடங்க வேண்டும். வானம் தெளிந்து காற்று அடங்கிய ராத்திரியில் புல்நுனியில் பனித்துளி பிடிக்கிறதல்லவா? அதே மாதிரி ராத்திரியில் அங்கே பனிப்பரப்பின் மேல் ஈரம் நேராகப் படிகமாகிவிடும். இறகு இறகாக, சில சமயம் விரல்நகம் பெரிசு, வெயில் பட்டால் மலை முழுக்க மின்னும். நடந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி மெல்லிய சத்தம். அவ்வளவு அழகு. ஆனால் அதன் மேல் அடுத்த பனி விழுந்து மூடினால், நிற்கவைத்த சீட்டுக்கட்டின் மேல் பலகை வைத்த கதை. வாரக்கணக்கில் உள்ளே அப்படியே இருக்கும். மேலே ஒரு ஆள் சறுக்கினால் போதும், சரிவு முழுவதும் பலகையாக உடைந்து இறங்கும். பெரும்பாலும் 30-லிருந்து 45 டிகிரி சாய்வில்தான் இது நடக்கும். சறுக்கி விளையாட எல்லாருக்கும் பிடிக்கிற சாய்வும் அதுதான்.

அதற்காகத்தான் எல்லார் மார்பிலும், புதைந்தவர் இருக்கிற இடத்தைத் தேட 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை விடுகிற டிரான்ஸீவர், பையில் மண்வாரியும் பனிக்குள் குத்திப் பார்க்க நீட்டுக் கம்பியும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள், அதற்கு மேல் நம்பிக்கை மளமளவென்று குறையும். தினமும் காலையில் விருந்தினருக்கு இதைச் செய்துகாட்டித்தான் கிளம்புவோம். ஆனால் மண்வாரி எடுக்கிற நிலை வந்தாலே எங்கள் வேலை தோற்றுப்போனதாகத்தான் அர்த்தம்.

ஒரு ஜனவரி கடைசி. ஒரு வாரம் தெளிந்த வானம், இறகுப் பனி. பிறகு மூன்று நாளில் 60 சென்டிமீட்டர். நாலாம் நாள் நீல வானம். அன்று போக நினைத்திருந்த பெரிய சரிவு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்த்த ஒரு சின்னச் சரிவில் நானும் வழிகாட்டியும் குழி வெட்டி, பனித்தூண் ஒன்றைத் தனியாக்கி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டினோம். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது முறை. பன்னிரண்டாவது தட்டில் மேல்பாதி, மேசை இழுப்பறை மாதிரி வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது. வெட்டின முகத்தில் பென்சில் கோடு மாதிரி ஒரு சாம்பல் வரி. அவ்வளவுதான் அந்த ஆபத்தின் கனம்.

கீழே வந்து சொன்னேன், இன்று பெரிய சரிவுகள் எதுவும் இல்லை, சாய்வு குறைந்த மரக்காட்டுக்குள் மட்டும்தான் என்று. ஒரு அப்பாவும் மகனும் வந்திருந்தார்கள். ஒரு வருசம் காசு சேர்த்து வந்தவர்கள். அவர் என்னை வெளியே கூட்டிப்போய் வானத்தைக் காட்டினார். இப்படி ஒரு நாளில் மலையைப் பூட்டி வைப்பதற்கா இவ்வளவு பணம் வாங்கினீர்கள் என்றார். என்னிடம் அந்தச் சாம்பல் வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நான் தடுத்த அந்தச் சரிவு அன்றும் இறங்கவில்லை, அந்த வாரமும் இறங்கவில்லை. ஏப்ரலில் வெயிலில் கரையும் வரை அப்படியே நின்றது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்கு பனிக்காலம் அந்தப் பொறுப்பில் இருந்து நான் தாங்க வேண்டியிருந்தது இதைத்தான். போகலாம் என்று சொன்னவனுக்குச் சாயங்காலம் விடை கிடைத்துவிடும். வேண்டாம் என்றவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இதைப் பார்த்திருக்கிறேன், அப்போது புரியவில்லை. அப்பா விடியுமுன் கடற்கரையில் நின்று, அலை உடைகிற இடத்தையும் மேற்கு மேகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னைக்குப் போகண்டாம்" என்பார். பாதி நாள் கடல் அமைதியாகவே கிடக்கும். போன வள்ளங்கள் சாளையோடு வரும். அம்மை பக்கத்து வீட்டில் அரிசி கடன் கேட்கப் போவாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் வலைக் கிழிசலில் கண்ணை வைத்திருப்பார்.

அந்த மலைகளில் நான் மிகவும் மதித்த இன்னொன்று, கம்பெனிகள் தங்களுக்குள் சேதியை ஒளிப்பதில்லை என்பது. விருந்தினருக்காகப் போட்டி போடுகிறவர்கள்தான். ஆனால் எந்தச் சரிவு இறங்கியது, எந்த அடுக்கில் உடைந்தது என்று தினமும் சாயங்காலம் எல்லாரும் இன்ஃபோஎக்ஸ் என்ற பொதுப் பதிவில் எழுதிவிடுவோம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் பனி எப்படி இருக்கிறது என்று நான் கட்டிலில் உட்கார்ந்தே படிப்பேன்.

2017 நவம்பர் 30 அன்று அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீசன் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. ஊரிலிருந்து போன் மேல் போன். ஒக்கி. குமரிக் கடலில் புயல் உருண்டு போய்க்கொண்டிருக்கிறது, கரையில் மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன, ஆழ்கடலுக்கு முன்னமே போனவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. தூத்தூர்ப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு காத்திருந்தார்கள். ஆளே இல்லாத ஒரு மலைச்சரிவின் சேதி என் முன்னால் இருந்தது. ஆள் இருக்கிற கடலுக்கு ஒரு சேதி போகவில்லை. அன்றைக்கு அந்தத் திரையை மூடி வைத்தவன் இரண்டு நாள் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் முளைத்தது. இப்போது எஞ்சின் பார்க்கிற ஒவ்வொரு படகிலும், யாரும் சொல்லாமலே, வயர்லெஸ் செட்டையும் அதன் பேட்டரியையும் சேர்த்தே பார்க்கிறேன். அதற்குக் கூலி வாங்குவதில்லை.

கதை முடிந்த நாளில் அப்பா அந்த விருந்தினரைப் பற்றித்தான் கேட்டார்.

"அந்த ஆளு துட்ட திருப்பிக் கேட்டாரா?"

"கேட்டாரு. பாதி குடுத்தோம்."

"அடுத்த வருசம் வந்தாரா?"

"வரல்ல அப்பா."

அப்பா வலை ஊசியைத் தடவி எடுத்து, நூலைக் கோர்த்தார்.

"ஒங்கம்மையும் ரெண்டு நாளு எங்கிட்ட பேசமாட்டா மக்ளே."