கிழக்குக் கரையில் நான்கு பேர், ஒரு பழைய வேன், ஒரு மைவி

கேம்பர்வேன் என்ற பேச்சு எழுந்ததும் பலர் முதலில் விலை விசாரிப்பது அடுப்பு, சிங்க், குளிர்பெட்டி, மடக்குக் கழிவறை. கோலாலம்பூரிலிருந்து கிளம்பி குவாந்தான் வழியாகத் திரெங்கானு கரையோரம் போய்வர இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். கூட்டரசுச் சாலை 3-இல் சாப்பாட்டுக் கடை இல்லாத ஊரைத் தேடிப் பிடிக்கவேண்டும். எண்ணெய் நிலையங்களில் கழிவறை இருக்கிறது. வேனில் போகிறவருக்கு அங்கே உண்மையில் அரிதாகக் கிடைப்பது தூக்கம்தான். நள்ளிரவிலும் 26 டிகிரி, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் காற்று, போதாததற்குக் கொசு. கையில் இருக்கிற பணத்தைப் படுக்கையிலும் காற்றோட்டத்திலும் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நாள் குறிப்பது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடித்தால் மார்ச்வரை ஆட்டம் காட்டும். கடலில் சிவப்புக் கொடி, தாழ்வான சாலைகளில் வெள்ளம். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை போவதுதான் புத்தி. திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். வேன் வெள்ளிக்கிழமை மதியம் படுத்துக்கொண்டால் திறந்திருக்கிற வொர்க்‌ஷாப் கிடைப்பது கஷ்டம். ஞாயிறு காலை கிளம்பி புதன் திரும்பும்படி வைத்துக்கொண்டால் வொர்க்‌ஷாப்பும் திறந்திருக்கும், கடற்கரையிலும் கூட்டம் இருக்காது.

வேன் பழையதாக இருக்கலாம், கெரான் என்கிற வண்டிப் பதிவுப் பத்திரம் சரியாக இருக்கவேண்டும். பின்பக்கம் கண்ணாடி இல்லாத பேனல் வேன்தான் விலை மலிவு. ஆனால் கெரானில் முன் இருக்கைகளுக்கு மட்டுமே அனுமதி. பின்னால் மெத்தை போட்டு இரண்டு பேரை உட்காரவைத்து ஓட்டுவது குற்றம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். வின்டோ வேன் என்றால் இருக்கை உண்டு, ஆனால் படுக்கைக்கு இடம் போய்விடும். இருக்கையைக் கழற்றினாலோ கூரையை வெட்டினாலோ சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி, புஸ்பாகோமில் வண்டிச் சோதனை என்று அலையவேண்டும். நான்கு பேருக்கு நாங்கள் சொல்வது ஒரு பேனல் வேன், கூடவே நண்பர் ஒருவரின் மைவி கார். வேனில் இரண்டு பேர் படுக்கலாம், மற்ற இருவருக்குக் கூடாரம். மைவி முன்னால் போய் இரவுக்கு இடம் பார்த்து வைக்கும். மணலில் வேனைத் திருப்பிக்கொண்டு தவிக்கவேண்டியதில்லை.

பெட்ரோலா டீசலா என்றால், பெட்ரோல். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசலுக்கான மானியம் போய், ஒரே நாளில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்குத் தாவியது. அதன்பிறகு சந்தை விலைதான். ரோன்95 பெட்ரோலுக்கு 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 மானியத் திட்டம் வந்தது. மைகார்டு அடையாள அட்டையைப் போட்டால் லிட்டர் 1.99 வெள்ளி. போக வர ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். சுமையோடு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு 100 லிட்டர், 199 வெள்ளி. மைவியின் செலவு அதற்கு மேல். டோலில் நான்கு சக்கர வேன் காரைப்போலவே முதல் வகுப்புதான். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த சின்ன லாரியைக் கேம்பராக மாற்றினால் இரண்டாம் வகுப்பு, கட்டணமும் அதற்கேற்றபடி ஏறும்.

படுக்கைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு தாள் போதும், நாலுக்கு எட்டு அடி. ஆறு அடியில் அறுத்தால் 4×6 படுக்கை. மிஞ்சுகிற நாலடி, இரண்டடித் துண்டை வீசிவிடாதீர்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் சக்கரம் மணலில் புதையும்போது அடியில் கொடுக்க இரண்டு பலகை. ஓரிரு தடவைக்குத் தாங்கும். சட்டம் இரண்டுக்கு இரண்டு அங்குலக் கட்டையில், குறுக்குக் கட்டை 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. படுக்கையின் உயரம் 35 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் பெட்டிகள் அடியில் சறுக்கிக்கொண்டு போய்விடும். கட்டுவதற்குமுன் வேனுக்குள் அளவு எடுங்கள்: மெத்தைக்கும் கூரைக்கும் நடுவே 90 சென்டிமீட்டராவது இல்லையென்றால் நிமிர்ந்து உட்கார முடியாது, சட்டை மாட்டுவதற்குக்கூடக் கீழே இறங்கவேண்டும்.

பிளைவுட்டின்மேல் நுரைமெத்தையை அப்படியே போட்டால் மூன்றாம் நாள் காலை அதன் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும், ஒரு வாரத்தில் கரும்புள்ளி பூஞ்சை. உடம்பிலிருந்து இறங்கும் வியர்வை ஆவி, குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகிறது. பலகையில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளைகள் போடுங்கள். காலையில் மெத்தையை மடித்துச் சாய்த்துவைத்து, ஒரு மணி நேரம் கதவைத் திறந்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். படுக்கையைத் தரை வளையங்களில் ரேச்செட் பட்டையால் இறுக்கவேண்டும். அவசர பிரேக்கில் 40 கிலோ மரமும் அதன்கீழிருக்கும் தண்ணீர்த் தோம்புகளும் உங்கள் முதுகுக்குத்தான் வந்து சேரும்.

அடுத்தது காற்று. வேனில் திறக்கக்கூடிய ஜன்னல் எங்கெங்கே இருக்கிறதோ, அதன் அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டி வெட்டி மாதிரி எடுங்கள். அதை இம்ப்ராபோர்டில் (உள்ளே குழல்குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) வைத்து, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டினால் ரப்பருக்குள் இறுக்கமாக உட்காரும். நடுவே 11.5 சென்டிமீட்டர் வட்டம் அறுத்து, 12 சென்டிமீட்டர் கம்ப்யூட்டர் காற்றாடி ஒன்றைத் திருகிவிடுங்கள். காற்றாடிச் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு சிறு அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றது காற்று போகும் திசை. ஒரு பக்கக் காற்றாடி உள்ளே இழுக்கவேண்டும், எதிர்ப்பக்கத்தது வெளியே தள்ளவேண்டும். இரண்டையும் வெளியே தள்ளவிட்டு மற்றதையெல்லாம் மூடிவைத்தால் காற்று வர வழியில்லாமல் காற்றாடி வெறுமனே இரையும். வெளிப்பக்கம் மழைக்கு ஒரு சாய்வு மூடியும், உள்பக்கம் வலையும் வேண்டும்.

வலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணக் கொசுவலைக்குக் கொசு அடங்கும், அகாஸ் அடங்காது. சதுப்பு முகத்துவாரங்களில் மாலை மயங்கும்போது வரும் அந்தப் பொடிப்பூச்சி வலைக்கண்ணில் நுழைந்துவிடும். அதைத் தடுக்கிற நெருக்கமான வலையைப் போட்டால் காற்றும் பாதியாகக் குறையும். ஆனால் அகாஸ் வீசும் காற்றில் பறக்கத் திராணியில்லாதது. ஆளுக்கொரு 12 வோல்ட் மேசை விசிறியைக் கால்பக்கத்திலிருந்து வீசவிட்டால் அதன் தொல்லை பெருமளவு குறையும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பழைய வேனின் புகைக்குழாயில் துரு தின்ற ஓட்டை ஒன்று போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவருக்கு எச்சரிக்கையும் இல்லை. உள்ளே கேஸ் அடுப்பு பற்றவைப்பதும் இதே கணக்கில்தான். பியூட்டேன் கேனை வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டுப் போகாதீர்கள். கேன்களின்மேல் 40 டிகிரிக்கு மேல் வைக்கவேண்டாம் என்று அச்சிட்டிருக்கும், மூடிய வேன் மதியத்தில் அதைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு பேட்டரி வாங்குங்கள். மேசை விசிறி இரண்டு, தலைக்கு 15 வாட், ஒன்பது மணி நேரம்: 270 வாட்மணி. ஜன்னல் காற்றாடிகள் இரண்டும் சேர்ந்து 54. விளக்கு 25, நான்கு கைப்பேசிக்கு 60. மொத்தம் 410-க்குள். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 640 வாட்மணி இருக்கிறது, மிச்சமும் தரும். குளிர்பெட்டி சேர்த்தால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். நல்ல தடிப்பான ஐஸ்பெட்டியும், மீன் இறங்கும் ஜெட்டிப் பக்கம் வாங்குகிற ஐஸும் அந்த வேலையைச் செய்துவிடும்.

சூரியத்தகடும் வேண்டாம். தகட்டுக்கு வெயில் வேண்டும், உங்களுக்கு நிழல் வேண்டும். ஒரே வேனில் இரண்டும் ஒத்துப்போகாது. ஓட்டும்போது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக ஏற்றினால் ஒரு மணிக்குச் சுமார் 260 வாட்மணி, இரண்டு மணி நேர ஓட்டத்தில் முந்தின இரவின் செலவு திரும்பிவிடும். சார்ஜர் இல்லாமல் நேரடியாக இணைப்பது பொல்லாத சிக்கனம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, ஆல்டர்னேட்டரால் முடிந்த மட்டும் உறிஞ்சும். ஐட்லிங்கில் காற்றோட்டமில்லாமல் ஆல்டர்னேட்டர் கருகும்.

வயரில் மிச்சம் பிடிக்கிறவர்களும் உண்டு. முன் பேட்டரியிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர், போக வர 10. வீட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 ஆம்பியர் ஓடினால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். வோல்டேஜ் குறைவு என்று சார்ஜர் தானே நின்றுவிடும், நீங்கள் சார்ஜரைத் திட்டுவீர்கள். 10 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.35 வோல்ட்தான். ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பல இழை கொண்ட வாகன வயரே வாங்கவும். முன் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் பியூஸ் இருக்கவேண்டும். பியூஸ் பின்னால் சார்ஜர் பக்கத்தில் இருந்தால், நடுவே வயர் தேய்ந்து பாடியில் பட்டால் அது காப்பாற்றாது.

இனி சாலை. கோம்பாக் டோல் தாண்டியதும் கெந்திங் செம்பா ஏற்றம்தான் பழைய வேனுக்குப் பரீட்சை. எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கும் வேன்களில் சூடு முதலில் உங்கள் தொடைக்குத்தான் தெரியும். ஊசி ஏறினால் ஏர்கோனை அணைத்து, கியரைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஹீட்டரைத் திறந்துவிடு என்று வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும்; நம் ஊர் வேன்களில் ஹீட்டரே இருப்பதில்லை. நின்றபின் முக்கால் மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். இறக்கத்தில் ஏறின அதே கியரில் இறங்குங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது: டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். சுமையேறிய வேனை பெந்தோங் பக்கம் மிதித்துக்கொண்டே இறக்கினால், பெடல் தரைவரை போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரில் டாட் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு எண்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பூ தேயாமல் இருந்தாலும் அந்த வயதுடைய டயர் சுமைக்கு ஆகாது.

குவாந்தானில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கரைச்சாலையைப் பிடியுங்கள். பெசெரா, பாலோக், செராத்திங், சுக்காய், கிஜால், கெர்த்தே, பாக்கா, டுங்குன், ரந்தாவ் அபாங், மாராங் என்று கடல் வலப்பக்கமே கூடவரும். போகும்போது இந்தக் கரைச்சாலையில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவேண்டாம், இருட்டியபின் ஓட்டவே வேண்டாம். தார் இளஞ்சூட்டோடு இருக்கும் என்று மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். கறுத்த மாடு, தெருவிளக்கில்லாத வளைவு.

இரவுக்கு ஊர்க்காரர்கள் நடத்தும் முகாம் இடங்கள் நல்லது, குளியலறை உண்டு. சவுக்கு மரத்தடியில் நிறுத்துங்கள், தென்னைக்கு அடியில் கூடாது. காரணம் அண்ணாந்து பார்த்தால் தொங்கும். சவுக்கு ஊசிகள் மட்டும் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள மழைநீர் வடிகாலை அடைக்கும், காலையில் கையால் வாரிவிடவும். நிறுத்துமுன் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் மணலில் இரண்டு விரல் ஆழம் புதைந்தால் வேனும் புதையும். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல், பின்டயர் காற்றைப் பாதியாக்கி, மிச்சப்பலகையைக் கொடுத்து மெல்ல எடுங்கள். காற்றடிக்க ஒரு பம்ப் கையில் இருக்கட்டும். ஏப்ரல் முதல் ஆமை முட்டையிடும் காலம். கடலைப் பார்த்து விளக்குப் போட்டால் ஏறிவரும் ஆமை திரும்பிப் போய்விடும். மஞ்சள் விளக்கையும் வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கெமாமானில் சத்தார் (இலையில் சுட்ட மீன் மசியல்), கிஜாலில் லெமாங் (மூங்கிலில் வெந்த புளுட் அரிசிச் சோறு), கோல திரெங்கானுவின் லோசோங்கில் கெரோப்போக் லெக்கோர் (மீன்மாவு உருளை). சைவக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். கீரை வறுவல் என்று கேட்டாலும் பெலாச்சான் என்கிற இறால் விழுதோ காய்ந்த இறாலோ நெத்திலியோ சேர்ந்துதான் வரும். ‘பெலாச்சான் வேண்டாம், ஊடாங் கெரிங் (காய்ந்த இறால்) வேண்டாம், பீலிஸ் (நெத்திலி) வேண்டாம்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆளுக்கொரு போத்தல் எடுத்துக்கொண்டு, கடையில் வெறும் சோறும் பொரித்த தௌஹூவும் வாங்கினால் சமாளிக்கலாம். தண்ணீர் நால்வருக்கும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்: 12 குடிக்க, மிச்சம் முகம், கை, தட்டு கழுவ. 10 லிட்டர் தோம்பு இரண்டு போதும். கடைத்தெருத் தண்ணீர் இயந்திரத்தில் தினமும் நிரப்பலாம். 40 லிட்டர் தொட்டி என்றால் 40 கிலோவைச் சும்மா சுமக்கிறீர்கள்.

வீடு வந்த அன்றே வேனின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். சறுக்குக்கதவின் தண்டவாளத்தில் மணல் நின்றால் உருளை தேயும். தூரிகையால் தட்டி எடுத்து, எண்ணெய் விடாமல் சிலிக்கான் தெளியுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த மணல் அதில்தான் ஒட்டும். பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி நிழலில் வையுங்கள். மெத்தையின் அடிப்பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.