1841-இல் அவர்கள் குடியிருந்த வீடு கிடைத்துவிட்டது

மாமியாருடைய கொள்ளுத் தாத்தாவின் தாத்தா இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஒரு சின்ன பாரிஷில் (தேவாலயப் பங்கில்) விவசாயக் கூலி. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்று பதிவேடுகளிலும் அவரை எப்போதோ பிடித்தாயிற்று. எந்த வீட்டில் குடியிருந்தார் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. இப்போது வரைபடத்தில் விரலை வைத்து இதுதான் என்று சொல்ல முடிகிறது. சந்தோஷம் தாங்கவில்லை.

சிக்கல் இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1841 ஜூன் 6 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராமத்து வீடுகளுக்கு எண் கிடையாது. இடத்துக்கான கட்டத்தில் 'தெரு' என்று ஒரு தடவை எழுதிவிட்டு, பக்கம் பக்கமாக அதையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறார் கணக்கெடுத்தவர். 1836 சட்டப்படி வரைந்த தசமபாக வரைபடத்தில் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குக் கொடுத்ததைப் பணமாக மாற்றுவதற்காக வரைந்தது) வீடு, வயல் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஆனால் அதோடு வரும் பட்டியல் நிலச் சொந்தக்காரர் பெயரின் அகரவரிசையில் போகிறது. அடுத்தடுத்த வீடுகள் பட்டியலில் எங்கெங்கோ கிடக்கும். போதாததற்கு, கூலிக்காரர்கள் குடியிருந்த இடமென்றால் ஒருவர் பெயரைப் போட்டு 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுகிறார்கள். நம் ஆள் அந்தப் பலரில் ஒருவர்.

பட்டியல் முழுவதையும் எக்ஸெலில் அடித்து, வரைபட எண் வரிசைக்கு மாற்றினேன். நில அளவையர் நடந்த பாதை அதில் ஓரளவு தெரிய ஆரம்பித்தது. அடுத்தது கணக்கெடுப்பாளர் நடந்த பாதை. இரண்டு ஆவணத்திலும் சந்தேகமில்லாமல் ஒத்துப்போகும் ஆட்களை முதலில் நட்டுவிட வேண்டும்: பாதிரியார், பப் நடத்துகிறவர், கொல்லர், காற்றாலைக்காரர். அப்புறம் இடையில் வரும் குடும்பங்களை நிரப்பலாம். சொல்வதற்குச் சுலபம். கணக்கெடுப்பாளர் தெருவின் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பினாரா, இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனாரா என்பதே என்னைப் பாடாய்ப் படுத்தியது.

வழி காட்டியது சாய்கோடுகள். 1841 படிவத்தில் ஒரு குடும்பம் முடிந்தால் ஒற்றைச் சாய்கோடு, கட்டடமே முடிந்தால் இரட்டை. நான் பணம் கட்டும் வம்சாவளித் தளத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பதிப்பில் இந்தக் கோடுகளே இல்லை. பெயரும் வயதும் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து யாரும் மூலப் படத்தைத் திறக்காமல் முடிவுக்கு வராதீர்கள். பென்சில் எழுத்து, மங்கிப் போயிருக்கும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் போட்டு, நீல அலைவரிசையை மட்டும் எடுத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டினால் கோடுகள் மேலெழும்பி வரும்.

அப்படி வந்ததுதான் இது. கொல்லர் குடும்பத்துக்கு அடுத்து ஒரு குடும்பம், ஒற்றைக் கோடு. இன்னொன்று, ஒற்றை. நம் குடும்பம், ஒற்றை. நான்காவது முடிந்ததும் இரட்டை. நான்கு குடும்பம், ஒரே கட்டடம். தசமபாக வரைபடத்தில் கொல்லன் பட்டறையை ஒட்டி நீளமாக ஒரே ஒரு கட்டடம். பட்டியலில் 'குடிசைகளும் தோட்டமும்', 30 பெர்ச். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இலவசமாக வைத்திருக்கும் 1880களின் 25 அங்குல வரைபடத்தில் (ஒரு மைலுக்குச் சுமார் 25 அங்குலம்) அதே கட்டடம் நான்காகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அவர் வாசல் பட்டறையிலிருந்து மூன்றாவது.

பெர்ச் கணக்கு இலங்கைக்காரர்களுக்கு அத்துபடி. மற்றவர்களுக்கு: 160 பெர்ச் ஒரு ஏக்கர், அதனால் 30 பெர்ச் என்றால் பதினெட்டே முக்கால் சென்ட். நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆளுக்கு ஐந்து சென்ட்கூட இல்லை. அதில்தான் வீடும் காய்கறித் தோட்டமும். மாமியார் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தெருவின் மறுகோடியில் இன்னும் சில குடும்பங்கள் பொருந்தாமல் நிற்கின்றன. 1851 கணக்கெடுப்பில் வீட்டுப் படிவ எண் இருப்பதால், இடம் மாறாதவர்களை வைத்து அதைச் சரிசெய்யலாம். ஆனால் மனசு அதற்குள் வேறு பக்கம் ஓடிவிட்டது. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்குப் பாரிஷ் பதிவேட்டில் ஞானஸ்நானம் இல்லை. ஊரில் சுயாதீனச் சபை ஒன்று, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத சபை, இருந்தது. அப்படிப்பட்ட சபைகள் 1837 சுமாருக்கு ஒப்படைத்த பதிவேடுகள் லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஆர்ஜி 4 வரிசை. 1910 நில மதிப்பீட்டின் களப் புத்தகங்களும் அங்கேதான், ஐஆர் 58. அந்த நான்கு குடிசைகள் அப்போது என்ன நிலையில் இருந்தன என்று அதில் பார்க்கலாம். இப்ஸ்விச்சில் சஃபோக் ஆவணக் காப்பகமான தி ஹோல்டுக்குப் போய் ஏழை நிவாரணக் கணக்குகளையும் புரட்ட வேண்டும். முதலில் கியூ.