மழைக்காலத்தில் நாய்க்கும் பூனைக்கும் என்ன விளையாடக் கொடுப்பது?

மும்பையில் ஜூன் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் முடிய விடாது. செம்பூரில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் நாட்களில் என் நாய் பீமாவை வெளியே கூட்டிப்போக மாட்டேன். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். தடுப்பூசி போட்டிருந்தாலும் அந்தக் கிருமியின் எல்லா வகைகளுக்கும் அது காவல் இல்லை. ஆக, ஓடித் திரிய வேண்டிய ஒரு நாட்டு நாயும், மிளகு என்கிற பூனையும் இரண்டு அறை வீட்டுக்குள் நாளைக் கழிக்க வேண்டும். வேலை கொடுக்காவிட்டால் பீமா கதவு நிலையைக் கடிப்பான், மிளகு அவன் வாலைக் குறிவைக்கும்.

எந்தப் பொம்மை நல்லது என்று குடியிருப்பில் பலரும் கேட்கிறார்கள். உங்கள் நாய் பொம்மையை என்ன செய்யும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சில நாய்கள் கவ்விக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றும், அதோடு சரி. சில, தையலைத் தேடிப் பிடித்துக் கிழிக்கும். சில, கிழித்ததை விழுங்கவும் செய்யும். முதல் வகைக்குச் சாதாரணத் துணிப் பொம்மை போதும். கடைசி வகைக்குத் துணிப் பொம்மையே வேண்டாம், பஞ்சு குடலை அடைத்துவிடும். பீமா நடுவில் இருப்பவன். உள்ளே கீச்சென்று கத்துகிற பிளாஸ்டிக் குமிழை வெளியே எடுக்கும்வரை ஓய மாட்டான். அதனால் துணிப் பொம்மை அவனுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். கடை அட்டையில் போட்டிருக்கும் '15 கிலோ வரையுள்ள நாய்க்கு' என்ற வரி இதையெல்லாம் சொல்லாது.

பொட்டலத்தில் 'நச்சு இல்லாதது' என்று அச்சடித்திருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நாய், பூனைப் பொம்மைகள் அந்த ஆணைக்குள் வராது. எனவே அந்த வாசகம் பெரும்பாலும் விற்பவரின் சொல்தான். நான் வாங்கும் முன் முகர்ந்து பார்க்கிறேன். பெயின்ட் வாடையோ மண்ணெண்ணெய் வாடையோ அடித்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்ப்பேன், சாயம் ஒட்டினால் கொடுக்க மாட்டேன். அப்படியானால் குழந்தைப் பொம்மையையே கொடுக்கலாமே என்று கேட்கலாம். ஈயம், சாயம் பற்றிய கவலை அதில் குறையும். ஆனால் அந்த முத்திரைக்கான சோதனைகள் குழந்தையின் கையையும் வாயையும் மனதில் வைத்துச் செய்தவை. நாயின் கடைவாய்க்கு முன்னால் ஒட்டிவைத்த பொத்தான் கண் நிற்காது.

கடிக்கக் கொடுக்கும் பொருளைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகவாவது பள்ளம் விழ வேண்டும். விழாத அளவுக்குக் கெட்டியானவை, அதாவது மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டி நைலான் ஆகியவை, மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும். முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு என்று விற்பது மாட்டுத்தோலின் உட்படலம். ஊறியதும் வீங்கி, ஒரு துண்டு தொண்டையில் மாட்டினால் போச்சு. இந்த மூன்றையும் நான் வீட்டுக்குள் விடுவதே இல்லை.

பந்து விஷயத்தில் அளவுதான் முதல் கேள்வி. கடைவாய்ப் பற்களைத் தாண்டித் தொண்டைப் பக்கம் நழுவாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். காலனிப் பையன்கள் கிரிக்கெட் ஆடித் தூக்கியெறிந்த டென்னிஸ் பந்துகள் எங்கள் வளாகத்தில் நிறையக் கிடைக்கும். தூக்கிப்போட்டு எடுத்துவரச் சொல்ல அது பரவாயில்லை, மென்று விளையாட ஆகாது. மேலிருக்கும் முரட்டு நார் மண்ணைப் பிடித்துக்கொண்டு பல்லைத் தேய்த்துவிடும். ஒரே ஓட்டை உள்ள பொள்ளல் பந்து இன்னும் ஆபத்து. நாய் உள்ளே நாக்கை விட்டு நக்கும்போது காற்று வெளியேறி, நாக்கு இழுபட்டுச் சிக்கி வீங்கிவிடும். ஓட்டை இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பீமாவுக்கு நான் மனமாரச் செலவழித்தது காங் என்ற பொள்ளலான ரப்பர் பொம்மைக்குத்தான். அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்ததாம். 1970களில் அவர் ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுது பார்க்கையில், அதன் ரப்பர் உதிரிப்பாகம் ஒன்றை அந்த நாய் விடாமல் கடித்ததைப் பார்த்துப் பிறந்த பொம்மை இது. சிவப்பு சாதாரண நாய்க்கு, கறுப்பு அழுத்திக் கடிக்கிற நாய்க்கு. குட்டிகளுக்கென்று மென்மையானது தனியாக வருகிறது.

அதற்குள் என்ன வைப்பது என்பதில் நம் வீட்டுச் சமையல் நன்றாகக் கைகொடுக்கிறது. சோற்றைக் குழைய வேகவைத்து, தயிர் விட்டுப் பிசைந்து, கொஞ்சம் வெந்த கேரட் சேர்த்து அடைத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுவேன். உப்பும் கிடையாது, தாளிப்பும் கிடையாது. கல்லாக உறைந்த தயிர்சாதத்தை நக்கி முடிக்க பீமாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் அப்படியே தூங்கிவிடுகிறான். அந்த அளவுக்கு ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிட வேண்டும். கோயிலில் கொடுக்கும் தயிர்சாதத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அதில் திராட்சை போடுவார்கள். திராட்சைப் பழமோ உலர் திராட்சையோ, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. வெங்காயமும் ஆகாது. கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

கிழிக்கும் ஆசை நாய்க்கு இரையைப் பிய்க்கும் குணத்திலிருந்து வருவது. அதை அடக்குவதைவிட அதற்கு இடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கூரியரில் வரும் அட்டைப்பெட்டியிலிருந்து டேப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே நாலு உருண்டை நாய்த் தீனியைக் காகிதத்தில் சுற்றிப் போட்டுக் கொடுத்தால் போதும். முகர்ந்து கண்டுபிடிப்பதும் ஒரு வேலை, பிய்ப்பதும் ஒரு வேலை. துண்டை விழுங்குகிற நாய்க்கு இது வேண்டாம்.

பூனை விஷயத்தில் என் பயமெல்லாம் நூல்தான். பூனையின் நாக்கில் தொண்டையைப் பார்த்த மாதிரி சிறு முட்கள் இருக்கின்றன. ஒரு நூல் அதில் ஒட்டினால் துப்ப வராது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலோடு நகர, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோலக் குடல் சுருங்கிக்கொள்ளும். சில சமயம் நூல் குடலை அறுத்தே விடும். எங்கள் கீழ்வீட்டு அக்கா மாட்டுங்காவிலிருந்து உதிரி மல்லி வாங்கி வந்து வீட்டில் கட்டுவார். மிச்ச நூலோடு விளையாடிய அவர் பூனை அதை விழுங்கி, வாந்தியெடுத்து, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "நூல்தானே தம்பி, தானா வந்துடும்னு நெனச்சேன்" என்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பூனை பிழைத்துவிட்டது. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள், நேராக டாக்டரிடம் ஓடுங்கள். பூ நூல், வாழைநார், பரிசுப் பொட்டல ரிப்பன், ரப்பர் பேண்ட், தலைமுடி பேண்ட் எல்லாமே இதே கணக்கு.

குச்சியில் கயிறு கட்டி இறகு வைத்த பொம்மைதான் மிளகுக்கு உயிர். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அது பீரோவுக்குள் போய்விடும். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டினால் அதற்குப் பிடிப்பதில்லை, எந்த இரையும் பூனையை நோக்கி வராது. சோபாவின் கால் மறைவில் மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தால் இடுப்பை ஆட்டிக்கொண்டு பாயத் தயாராகும். கடைசியில் இறகை அதன் பிடியில் விட்டு, கடித்து உதைக்க நேரம் கொடுத்து, உடனே சாப்பாடு வைக்க வேண்டும். பிடித்தல், தின்னல், நக்கிச் சுத்தம் செய்தல், உறக்கம் என்பதுதான் அதன் வரிசை. லேசர் விளக்கை நான் விரும்பாததற்கும் இதுவே காரணம், கடைசிவரை கையில் எதுவும் சிக்குவதில்லை. கண்ணில் பட்டால் விழித்திரைக்கும் கேடு.

பூனையை மயக்கும் வாசனைச் செடியான கேட்னிப் எல்லாப் பூனைக்கும் பிடிக்காது, அது பரம்பரைக் குணம். மிளகு அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மழைக்குச் சுவரோரம் முளைக்கும் குப்பைமேனியின் வேருக்கோ புரண்டு புரண்டு உருளுகிறது. ஊரில் அதைப் பூனைவணங்கி என்றே சொல்வார்கள். முகர மட்டும் விடுகிறேன், தின்ன விடுவதில்லை. வாந்தி வரவைக்கும் செடி அது.

விளக்கு எரிகிற, தானாக ஓடுகிற பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருந்தால், மூடி திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று நாலு பொம்மைதான் வெளியே இருக்கும், மற்றவை டப்பாவில். ஒரு வாரம் கழித்து எடுத்துப் போட்டால் புதிதாக வாங்கி வந்ததுபோல இரண்டும் ஓடி வரும். டப்பாவுக்குள் போகும் முன் ஒவ்வொன்றையும் கழுவி, மின்விசிறிக்கு அடியில் நன்றாகக் காயவைத்து, தையலையும் ரப்பரின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்ப்பேன். கயிறு பிரிந்திருந்தாலோ, ரப்பரில் ஒரு துண்டு குறைந்தாலோ, பூஞ்சை வாடை வந்தாலோ, எத்தனை விலை கொடுத்திருந்தாலும் அன்றே குப்பைக்குப் போய்விடும்.