அம்மாவின் பொருத்தனையோடு எருசலேமுக்கு

அப்பா பிழைத்து எழுந்தால் எருசலேமில் காணிக்கை போடுவதாக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார்கள். அப்பா எழுந்துவிட்டார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அம்மாவின் முழங்கால்தான் விடவில்லை. ஒட்டிய உறை ஒன்றை என் வேதாகமத்துக்குள் வைத்து, "பிரிக்காதே, அப்படியே போட்டுடு" என்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

எனக்கென்று ஒரே ஆசை. எருசலேம் தேவாலயத்தில், இயேசு பார்த்துக்கொண்டிருக்க, ஏழை விதவை ஒருத்தி தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட இடத்தைப் பார்க்கவேண்டும். அந்த தேவாலயத்தை கி.பி. 70இல் ரோமர் இடித்துவிட்டார்கள். தெற்குப் படிக்கட்டில் எங்களை உட்காரவைத்து, மேலே பெண்கள் பிராகாரம் இருந்த திசையைக் காட்டினார் வழிகாட்டி. எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறதாம். அப்படியானால் காசு விழும் சத்தம் கேட்டிருக்குமே! ஐசுவரியவான்கள் போட்டபோது எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் போட்டது யார் காதில் விழுந்திருக்கும்?

மேற்குச் சுவரின் தென்கோடியில், ரோமர் தள்ளிய பெரிய கற்கள் விழுந்தபடியே குவிந்து கிடக்கின்றன. மாற்கு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரம் அந்த விதவையோடு முடிகிறது; 13ஆம் அதிகாரம் தொடங்கியதுமே, அந்த தேவாலயம் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடிக்கு இடிக்கப்படும் என்கிறார் ஆண்டவர். இத்தனை வருடம் வாசித்தும் இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

பழைய நகரத்துக் கடைவீதியைப் பற்றி என்ன சொல்ல! "விதவையின் காசு, ஒரிஜினல்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். சான்றிதழ் உண்டு, கழுத்தில் போடச் சங்கிலியும் உண்டு. நான் நடக்க நடக்க விலை பாதியானது. தன் ஜீவனத்தையே கொடுத்தவளை வைத்து வியாபாரமா என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன், மறைப்பானேன். நகம் அளவு வெண்கலத் துண்டு, தேய்ந்த ஓரம். உள்ளங்கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

இயேசுவின் கல்லறை இருக்கும் கல்லறை ஆலயத்தில், கல்லறைக்குள் போவதற்கான வரிசை வட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் ஆகியும் பத்தடிகூட நகரவில்லை. பெரிய பெரிய குழுக்களாக வந்து இடையில் நுழைகிறார்கள், கேட்பார் இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்குத் தலை சுற்றியது. அப்போது பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, தான் கொண்டுவந்திருந்த மடக்கு நாற்காலியை விரித்து, என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தார்கள். எத்தியோப்பியர் என்று நினைக்கிறேன். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் நின்றார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நான் எழுந்து பணம் நீட்டியதற்குச் சிரித்துக்கொண்டே என் விரல்களை மடக்கிவிட்டார்கள். கூட்டம் நெருக்க, வாசல் வந்துவிட்டது.

குனிந்துதான் உள்ளே போகவேண்டும். மூன்று நான்கு பேருக்குமேல் இடமில்லை. பளிங்குப் பலகையில் கை வைத்தேன். சபையார் எழுதித் தந்த ஜெபக் குறிப்புகள் சட்டைப் பையிலேயே இருந்தன. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம், அப்பாவுக்காக ஸ்தோத்திரம், இந்தத் தண்ணீருக்காக ஸ்தோத்திரம். இவ்வளவுதான் வந்தது, அதுவும் அழுகையோடு. "போங்கள், போங்கள்" என்று கையசைத்தார்கள். வெளியே வந்து முதலில் கண்ணில் பட்ட காணிக்கைப் பெட்டியில் உறையை அப்படியே போட்டேன். எவ்வளவு இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். உறையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அந்த அம்மா உள்ளே போனாங்களா?" என்றார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.